பேசுவதற்கு முன் இரண்டு தட்டு

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம், நீ நலமா என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நீ நலமாக இல்லை என்று தெரிந்துகொண்டே அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் உடம்பையாவது நன்றாக வைத்துக்கொள், மனசைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசிக்கொள்ளலாம். சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். காரணம் இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியும், இதில் அப்படித் தாவாதே.

அன்றைக்குக் காலையில் பஸ் நிறுத்தத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு, வேலை போய்விட்டது என்று சொன்னாய். அம்மாவுக்கும் சொல்லாமல் முதலில் எனக்குத்தான் சொன்னாய். அதற்கு நான், “ரொம்ப சந்தோஷம்மா, உடம்பப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். நீ அவளிடம் தலைவலி என்று ஏதோ சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு கூப்பிடும்போதெல்லாம் அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்று அவளிடமே கேட்டு, அவளிடமே பதிலையும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாய். நீ அவ்வளவு தூரம் போய் வேலை பார்ப்பதில் எனக்கு இஷ்டம் இல்லாமல் இருந்தது உண்மை. கிளம்புகிற அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதும் உண்மை. அதனால் அப்பா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார், பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேரட்டும் என்று நினைத்தார் என்று நீ முடிவு கட்டியிருந்தால் அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நடந்தது அது இல்லை, பாப்பா. நடந்ததை நீ நம்ப வேண்டுமானால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு அறையைப் பிள்ளைகள் சுத்தம் செய்த கதையை நான் சொல்லியாக வேண்டும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பாதியில் கேட்காதே.

அதற்கு முன் வீட்டுச் சேதி. அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டுகிறாள், படி கட்டினவன் நான்தான் என்பதுபோல. சமையலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை. குழாய்க்காரர் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் முன்னால் வந்தவன் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார், முன்னால் வந்ததும் அவரேதான். டிவி சத்தத்தைக் குறை என்று அம்மா சண்டை போடுவதும், பெட்டி பழசாகிவிட்டது, சத்தமே வரவில்லை என்று நான் சொல்வதும் தினமும் நடந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டுத் தையற்காரர் தன் வீட்டு டிவியை விற்றுவிட்டார், செய்தியெல்லாம் உங்கள் வீட்டுச் சுவர் வழியாகவே வந்துவிடுகிறது என்கிறார். நான் அதை அவர் குசும்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. நீ அந்த அறையைப் பார்த்திருக்கிறாய், சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டிக் கடைசியில் இருக்கும், ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை வைத்திருக்கும். என்றைக்கோ ஒரு நாடகத்துக்கு வாங்கின கனமான பச்சைத் திரைச்சீலைதான் ஜன்னல்களுக்கெல்லாம். உதறினால் ஒரு பீரியட் முழுக்கத் தும்மல்தான். பின்சுவரில் துணியில் அச்சடித்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், அலமாரி மேல் பழைய விடைத்தாள் மூட்டைகள் கூரையைத் தொடும், தரையில் நைந்துபோன சணல் விரிப்பு. இந்தக் குப்பைக்குள் நான் ராஜா மாதிரி இருந்தேன். மாடியில் புது அறை தருகிறேன் என்று தலைமை ஆசிரியை எத்தனையோ முறை கேட்டும், படியேறினால் கால் வலிக்கிறது என்று தட்டிக்கழித்தேன். கால் வலி அம்மாவுடையது, நான் கடன் வாங்கிக்கொண்டேன். உண்மையான காரணம், மாடியில் பாடம் எடுத்தால் எனக்கு ஏனோ சரிப்பட்டு வரவில்லை. மாடிப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள், என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்தான் மணி மணியாகப் பேசுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டும் இருந்தேன்.

விடுமுறையில் வகுப்பறைகளைச் சுத்தம் செய்து சரிப்படுத்த யார் தன்னார்வமாக வருகிறீர்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டபோது முதலில் கையைத் தூக்கியவள் என் வகுப்பில் ஒரு பெண். அவளுக்கு நான் வைத்த பெயர் தளபதி. ஆள் பென்சில் உயரம்தான் இருப்பாள், ஆனால் அவள் கையைக் காட்டினால் பின்பெஞ்சில் இருக்கிற தடியன்கள்கூட எழுந்து நிற்பார்கள். பேசும்போது வாயைவிடக் கைதான் அதிகம் பேசும். அவள் கை தூக்கியதும் வகுப்பே தூக்கியது. அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள் பார், எனக்கே மலைப்பாக இருந்தது. அலமாரிக்குப் பின்னால் ஒரு குருவிக்கூடு, ஒற்றைச் செருப்பு, நான் திருடு போய்விட்டது என்று ஊரைக் கூட்டின மூக்குக்கண்ணாடி, எல்லாம் கிடைத்தது. மூக்குக்கண்ணாடியை யாரும் ஒன்றும் சொல்லாமல் என் மேஜையில் வைத்தார்கள், சிரிப்பை அடக்க அவர்கள் பட்ட பாடு அந்தக் கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

உப்புத்தாள் வைத்துப் பெஞ்சுகளைத் தேய்த்தார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டார்கள். சுவருக்கு என்ன பெயிண்ட் என்று கேட்டபோது, துடைத்தால் அழுக்குப் போகிற மாதிரி பளபளவென்று இருக்கிற எண்ணெய்ப் பெயிண்டே அடியுங்கள் என்று சொன்னது நான். படங்களை எடுத்துவிடலாமா சார் என்றார்கள், எடுங்கள் என்றேன். விரிப்பு? சுருட்டிப் போடுங்கள். மூட்டைகள்? பழைய பேப்பர்காரனுக்கு. திரைச்சீலை என்று தளபதி கேட்டபோது, அந்தப் பீடையை எடுத்துக் கடாசுங்கள் என்றும் நான்தான் சொன்னேன். அவள் கடாசாமல் மடித்து ஸ்டோர் ரூமில் வைத்தாள், அது பிறகு. வழவழப்பான கெட்டிச் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும், துணியும் சணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும் என்று வருஷா வருஷம் அதே அறையில் நின்று படம் போட்டுப் பாடம் நடத்தின அறிவியல் வாத்தியார் உன் அப்பா என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்துகிறேன். சிரித்துக்கொள்.

திறந்த அன்று அறையைப் பார்க்கக் கூட்டம். மற்ற வகுப்பு ஆசிரியர்களுக்கு வயிறு எரிந்தது. தலைமை ஆசிரியை பிள்ளைகளை நிற்க வைத்துப் பாராட்டினார். நானும் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, பாடத்தை ஆரம்பித்து, வழக்கம்போல ஒரு கேள்வி கேட்டேன். பதில் வந்தது. பதில் வந்தது என்று தெரிந்ததே தவிர ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. கிணற்றுக்குள் நிற்கிறவன் மேலேயிருந்து வருகிற பேச்சைக் கேட்கிற மாதிரி இருந்தது. பெஞ்சு நகர்கிற சத்தம், நோட்டுப் புரட்டுகிற சத்தம், இருமல், எல்லாம் ஒன்றாகக் கலந்து சுவருக்குச் சுவர் பாய்ந்தது. மாடிப் பிள்ளைகள் முனகவில்லை, குறை என் காதில்தான் என்பது அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. இந்த வயசில் காது போய்விட்டது என்று சொன்னால் வகுப்பைப் பிடுங்கி அலுவலக அறையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம். பாடம் எடுக்காத நாளில் நான் என்ன ஆவேன் என்று எனக்கு யோசிக்கவே தெரியாது.

அதனால் சமாளிக்க ஆரம்பித்தேன். உன்னிடம் போனில் எப்படிச் சமாளித்தேனோ அதே முறைதான். போனில் பேசும்போது எனக்குக் கொஞ்ச காலமாகவே பாதிதான் கேட்கும், சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வேன், நீயோ பஸ் இரைச்சலுக்கு நடுவில்தான் அப்பாவைக் கூப்பிடுவாய். நான் மூன்று பதில் வைத்திருந்தேன். சரிம்மா. ரொம்ப சந்தோஷம்மா. உடம்பப் பாத்துக்கோ. நீ நிறுத்துகிற இடம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். பிறகு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அப்பாக்கள் எல்லோருமே போனில் அப்படித்தானே பேசுகிறார்கள், யாருக்கும் சந்தேகம் வராது. வகுப்பில் அந்த மூன்றுக்குப் பதில் ஒன்று போதுமாக இருந்தது, யார் என்ன சொன்னாலும் சபாஷ் என்றேன். ஒருநாள் பின்பெஞ்சுப் பையன் ஒருவனைக் கேள்வி கேட்டு, அவன் எழுந்து ஏதோ சொல்ல, சபாஷ், உட்காரு என்றேன். வகுப்பு சிரித்தது. அப்புறம் சட்டென்று நின்றுவிட்டது. தெரியாது சார் என்று அவன் சொன்னானாம். அதிலிருந்து நான் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டேன். போனதும் கரும்பலகையை நிரப்புவேன், மணி அடித்தால் வந்துவிடுவேன். சாப்பிடும்போதுகூட உன்னைக் கேள்வி கேட்காமல் விடாதவன் நான், யோசித்துப் பார்.

பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? நீ நினைத்ததைத்தான். சாருக்குக் கோபம் என்று நினைத்தார்கள். அவருடைய பழைய சாமான்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டோம், அறை பிடிக்கவில்லை, அதனால்தான் நம்மோடு பேசுவதே இல்லை என்று கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். விடுமுறையெல்லாம் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி உரிந்த பிள்ளைகள். தளபதி ஆசிரியர் அறைக்கே வந்து என் முன்னால் நின்றாள். “முன்னாடி எங்கள எவ்ளோ கேள்வி கேப்பீங்க சார். இப்ப கேக்கறதே இல்ல. நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?” என்றாள். நேருக்கு நேர் நின்றதால் எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அறை ரொம்ப நன்றாக இருக்கிறது, போய்ப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் போகவில்லை, வாசலில் நின்று ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் நான் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது என் மேஜையில் யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். மேஜையில் ஊன்றியிருந்த இடது கை வழியாக எனக்கு அது தெரிந்தது, திரும்பினேன். தளபதி. நான் அவள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் சந்தேகத்தைக் கேட்டாள். பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன் எழுந்து வந்தான், இரண்டு தட்டு, காத்திருந்தான், கேட்டான். அன்றைக்கு முழுவதும் அப்படியே நடந்தது. யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசவில்லை. அவளுடைய அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறவள். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால், எதையாவது தட்டி, முகம் திரும்பியதும்தான் அங்கே பேசுவார்களாம். வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று அவள் அம்மாவுக்கும் காது மந்தமாகிவிட்டது, அதனால் அவர்கள் வீட்டிலும் அதே வழக்கம். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. எங்க அம்மாகூட யாராவது ஏதாவது சொன்னா சரி சரின்னு தலையாட்டிடும் சார், அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்றாள். நான் ஒளித்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை ஒரு பென்சில் உயரப் பெண் வாசலில் நின்ற ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள், அதைச் சொல்லிக் காட்டவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை என்னிடம் சொல்லாமல் எல்லோரும் மறுபடி பள்ளிக்கூடம் வந்திருக்கிறார்கள். காவலாளியிடம் பெருக்க வந்தோம் என்று சொல்லிச் சாவி வாங்கியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் உள்ளே போனால், துவைத்த பச்சைத் திரைச்சீலை ஜன்னலில் தொங்குகிறது. அது இவ்வளவு அழகான பச்சை என்று எனக்கு அதுவரை தெரியாது. பின்சுவர் முழுக்கச் சாக்குத்துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் குத்தியிருக்கிறார்கள். பெஞ்சுக் கால்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருப்புப் போட்டிருக்கிறார்கள். வரிசையாக இருந்த பெஞ்சுகளை மூன்று பக்கமும் வளைத்துப் போட்டு நடுவில் எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள், எங்கே நின்றாலும் எல்லா முகமும் தெரிகிற மாதிரி. என் பாடத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள், நான் நடத்தினேன், அவர்கள் கவனித்திருக்கிறார்கள். நான் வந்ததும் எழுந்து நின்றார்கள், ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நெடுநாளைக்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டேன். அதே பின்பெஞ்சுப் பையனைத்தான் கேட்டேன், இப்போது அவன் பக்கவாட்டுப் பெஞ்சு. எழுந்து, என் முகத்தைப் பார்த்து, தெரியாது சார் என்றான். எனக்கு ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டது, பாப்பா. என் கண் நிறைந்துவிட்டது. பாடம் தெரியாததற்கு அழுகிற வாத்தியாரை அந்தப் பயல் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான், பயந்துபோய் அடுத்த நாள் முழுப் பாடத்தையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் மறைத்துக்கொண்டே இருந்திருப்பேன். இரண்டு நாள் கழித்துத் தலைமை ஆசிரியை வந்தார். இப்போதுதான் எல்லாவற்றையும் எடுத்தீர்கள், அதற்குள் ஏன் மறுபடி திரையும் சாக்கும் என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் தளபதி எழுந்து, வெயில் கண்ணில் அடிக்கிறது மேடம் என்றாள். ஆமாம் மேடம் என்றது வகுப்பு. பெஞ்சை ஏன் வளைத்துப் போட்டீர்கள்? காற்று நன்றாக வருகிறது மேடம். ஆமாம் மேடம். முப்பது நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில், எனக்காக, முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு பொய் சொல்லுகிறார்கள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. “வெயிலுக்கு இல்ல மேடம். எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. எனக்காகத்தான் புள்ளைங்க இதெல்லாம் செஞ்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டேன். தலைமை ஆசிரியை பின்சுவர்ச் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, மாடி அறைகளும்தான் எதிரொலித்து முழங்குகின்றன, எனக்கே தலை வலிக்கிறது, அடுத்த விடுமுறையில் அதையும் செய்வீர்களா என்று கேட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டாக்டரைப் பார்க்காமல் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று நன்றாகத் திட்டினார். வகுப்பைப் பிடுங்கவில்லை.

அன்று சாயந்திரம் உன் அம்மாவிடமும் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவே நேரமாயிற்று. நான் எதையும் கேட்காததை அவள் இத்தனை நாள் வியாதி என்று நினைக்கவில்லை, குணம் என்று நினைத்திருக்கிறாள். நம்பியதும், திடீரென்று அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அப்படின்னா அன்னிக்கு அவ போன்ல சொன்னதும் உங்களுக்குக் கேக்கலையா என்றாள். எது என்றேன். “வேலை போயிடுச்சுன்னு உங்ககிட்டதான் முதல்ல சொன்னா. சந்தோஷம்னு சொன்னீங்களாம். இதை யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு போன வாரம் எங்கிட்ட அழுதா” என்றாள். நீ அவளிடம் ரகசியமாகச் சொன்னதை அவள் காப்பாற்றவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. பின்பெஞ்சுப் பையனுக்குச் சபாஷ் சொன்ன அதே வாயால் உனக்குச் சந்தோஷம் சொல்லியிருக்கிறேன். அங்கேயாவது வகுப்பு சிரித்தது. நீ அந்தப் பஸ் நிறுத்தத்தில் ஒண்டியாக நின்றுகொண்டு, அதை வாங்கிக்கொண்டு, பஸ் ஏறியிருக்கிறாய். ஏறினாயா, அங்கேயே உட்கார்ந்துவிட்டாயா என்றுகூட எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரிடம் போய் வந்துவிட்டோம். இரண்டு காதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கிறது, மெஷின் வைத்தால் நிறைய வித்தியாசம் தெரியும் என்றார். என் காதுக்கு அளவெடுத்திருக்கிறார்கள், வர இன்னும் சில வாரம் ஆகுமாம். அம்மா இப்போதே பயமுறுத்துகிறாள், மெஷின் வரட்டும், இத்தனை வருஷம் நீங்கள் கேட்காமல் விட்டதையெல்லாம் முதலிலிருந்து சொல்கிறேன் என்கிறாள். ஆனால் உன் விஷயத்தில் அதுவரை காத்திருக்க என்னால் முடியாது. இதையெல்லாம் போனில் இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம் என்பாய். காது கேக்கல, மன்னிச்சுக்கோ என்று இரண்டு வரியில் முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நீ இதைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமானால் இரண்டு தடவை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இப்போது ஏதோ கடையில் தற்காலிகமாக நிற்கிறாய், வேறு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். நின்று வேலை பார்க்கிறவள் மெத்தென்ற செருப்பாக வாங்கிப் போட்டுக்கொள், காலை வேளையில் எதையாவது சாப்பிடாமல் கிளம்பாதே, ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. திரும்பி வருவதா இருப்பதா என்பதை அப்பா முகத்தை நினைத்து முடிவு செய்யாதே. வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, அம்மா அதில் காய வைத்திருக்கிற துணிகளை மட்டும் எடுக்க வேண்டும். இருந்தால், அங்கே இருக்கிற உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டு நான் இங்கே இருப்பேன். இரண்டுக்கும் எனக்குச் சம்மதம். அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், அவள் சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன் தலைமேல் இருக்கும். உன் மனசுக்குப் பிடித்த வேலையும் நிம்மதியும் சீக்கிரம் உனக்குக் கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் மறந்துவிடாதே. கடிதம் கிடைத்ததும் என்னைக் கூப்பிடு, அம்மாவை இல்லை, என்னை. பஸ் நிறுத்தத்திலிருந்து வேண்டாம், உன் அறையில் உட்கார்ந்துகொண்டு, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி வீடியோவில் வா. பேசுவதற்கு முன் போனின் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டு. நான் உன் முகத்தைப் பார்க்கிறேனா என்று பார். அப்புறம், இதுவரை என்னிடம் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டு, வேலை போயிடுச்சுப்பா என்று முதலிலிருந்து சொல்.

காத்திருக்கும் உன்
அப்பா